வருஷத்துக்கு இரண்டு சம்பள நாள்

டெல்லித் தமிழ்க் குடும்பங்களில் பையனோ பெண்ணோ வங்கிப் பரீட்சை தேறினால், இனிப்பு கொடுத்த கையோடு அடுத்த கவலை வந்துவிடும்: கிராமப்புற போஸ்டிங் எங்கே விழும்? பலருக்கு ஹரியானாவிலோ மேற்கு உத்தரப் பிரதேசத்திலோ அதுவரை கேள்வியே பட்டிராத ஒரு மண்டி ஊரில் விழுகிறது. மேப்பைத் திறந்து பார்த்தால் சுற்றிலும் பச்சைக் கட்டங்கள், நடுவில் ஒரு ரோடு. உடனே எனக்கு ஃபோன் வரும். "மாமா, நீங்க அந்தப் பக்கம் மேனேஜரா இருந்தீங்களாமே, தினமும் மயூர் விஹார்லேர்ந்து போய்ட்டு வந்துடலாமா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப் போனதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் இருந்தது கர்னாலுக்கும் கைத்தலுக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு ஊர். பெயர் வேண்டாம், அங்கே எங்கள் கிளை ஒன்றுதான், யாரென்று உடனே தெரிந்துவிடும். ஒரு தானிய மண்டி, அதைச் சுற்றி ஆடத்திகள் என்கிற கமிஷன் ஏஜென்டுகளின் கடைகள், இரண்டு அரிசி ஆலை, ஒரு அரசுப் பள்ளி, டிராக்டர் ஒர்க்‌ஷாப், உரக்கடை, ஜிலேபிக் கடை, ஒரு குருத்வாரா, ஒரு சிவன் கோயில். அவ்வளவுதான் ஊர். என் அப்பாவுக்குத் திருவாரூர் பக்கம், அதனால் தட்டை நிலமும் நெல்லும் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் நம் டெல்டாவில் எங்கே நின்றாலும் ஒரு கோபுரமோ தென்னந்தோப்போ கண்ணில் படும், இங்கே யூகலிப்டஸ் வரிசையையும் போர்வெல் கொட்டகையையும் விட்டால் கண்ணுக்கு எட்டின வரை வயல்தான்.

தினமும் போய்வர முடியுமா என்றால், முடியாது. காஷ்மீரி கேட்டிலிருந்து கர்னால் ஏறக்குறைய 125 கிலோமீட்டர், ஜி.டி. ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, ஹரியானா ரோட்வேஸ் பஸ்ஸும் அடிக்கடி உண்டு, முர்த்தலில் நிறுத்திப் பரோட்டா சாப்பிடலாம். அதற்கப்புறம் உள்ளூர் பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காத்திருப்பதில்தான் உயிர் போகும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி கடைசிவரை பனிமூட்டத்தில் ரயில் எப்போது வரும் என்று ரயில்வேக்கே தெரியாது, காரில் போனால் முன்னால் போகும் கரும்பு டிராலியின் பின்பக்கம் பத்தடியில்தான் தெரியும், அதில் விளக்கும் இருக்காது. ஆனால் இதெல்லாம் இரண்டாம் பட்சம். அந்த ஊரில் முக்கியமான பேச்செல்லாம் காலை எட்டு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பின்னாலும்தான் நடக்கும். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற மேனேஜரிடம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அவருக்கு ஃபைல் மட்டும்தான் வரும். எனக்கு முன்னால் இருந்தவர்களில் அங்கேயே தங்கினவர்களைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது, போய்வந்தவர்களின் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இல்லை. வாரக்கடைசியில் வீட்டுக்குப் போங்கள், இரண்டாம் சனி, நான்காம் சனி விடுமுறையோடு சேர்த்து இரண்டு நாளாக. வாரநாளில் அங்கேதான் படுக்கை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் அரசு வேலைக்காரக் குடியிருப்பில் வளர்ந்த நமக்கு மாதம் என்பது ஒன்றாம் தேதியில் தொடங்கும். அந்த ஊருக்கு வருஷத்தில் இரண்டே சம்பள நாள். ஏப்ரலில் கோதுமை, அக்டோபரில் நெல். மளிகைக்கடைப் பாக்கி, பள்ளிக்கூட ஃபீஸ், டிராக்டர் தவணை, பெண்ணின் கல்யாணத் தேதி, பல் டாக்டரிடம் போவது வரை எல்லாமே இந்த இரண்டு நாளை வைத்துத்தான். வந்த புதிதில் உங்களுக்கு விசித்திரமாகத் தெரியும் பத்து விஷயங்களில் எட்டு இதில் போய் முடியும்.

கணக்கு போட்டே காட்டுகிறேன். அங்கே நிலத்தைக் கில்லாவில் சொல்வார்கள், ஒரு கில்லா ஒரு ஏக்கர், எட்டு கனால், ஒரு கனாலுக்கு இருபது மர்லா. ஐந்து கில்லா வைத்திருப்பவர் நடுத்தர ஆள். ஏக்கருக்கு 20 குவிண்டால் கோதுமை என்று வைத்தால் 100 குவிண்டால். 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். ஆக இரண்டு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரே வாரத்தில் இவ்வளவு பணம் கணக்கில் விழுவதைப் பார்க்கிற நம் பையன்கள், 'என்ன சார், விவசாயி ஏழை ஏழைன்னு சொல்றாங்க' என்பார்கள். அதிலிருந்து டிஏபி உர மூட்டை ஒன்று 1,350 ரூபாய், யூரியா, களைக்கொல்லி, டீசல், கம்பைன் என்கிற அறுவடை மிஷின் வாடகை, நிலம் சொந்தமில்லை என்றால் ஒரு கில்லாவுக்குப் பல்லாயிரக்கணக்கில் முன்பணமாகவே கொடுத்த டேக்கா குத்தகை எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சத்தை ஆறு மாதத்துக்கு, ஆறேழு பேருக்குப் பிரியுங்கள். கிளார்க் சம்பளத்துக்குக் கீழேதான் வரும்.

அப்புறம் அந்த ஒரே வாரம் என்பதும் காகிதத்தில்தான். அரசு போர்ட்டலில் பயிரைப் பதிந்திருக்க வேண்டும், மண்டி வாசலில் கேட் பாஸ் வாங்க வேண்டும், கோதுமையில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், கோணி வந்திருக்க வேண்டும், மூட்டை கட்டியதை லாரி வந்து தூக்க வேண்டும். லாரி வராவிட்டால் மண்டி நிரம்பி, ரோட்டிலும் பள்ளி மைதானத்திலும் பெட்ரோல் பங்க் வாசலிலும் கோதுமையைக் கொட்டி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் வானத்தில் ஒரு மேகம் வந்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும். நம் ஊர் நேரடி கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாயோடு படுத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அங்கே 40 கிலோ மூட்டை, இங்கே நெல்லுக்கு 37.5 கிலோ மூட்டை, கவலை ஒன்றுதான். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு வாடிக்கையாளர் உங்களிடம் சிடுசிடுத்தால் அவர் கோபம் உங்கள் மேல் இல்லை.

ஆடத்தி பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரைப் புரிந்துகொள்ளாமல் அங்கே ஒரு மாதம்கூட ஓட்ட முடியாது. ஆடத்தி என்றால் மண்டியில் கமிஷன் கடை வைத்திருப்பவர். விவசாயி கொண்டுவரும் சரக்கை இறக்கி, சுத்தம் செய்து, ஏலத்துக்கோ அரசு ஏஜென்சிக்கோ கொடுத்து, ஜே ஃபார்ம் என்ற விற்பனைச் சீட்டைப் போட்டுத் தருவார். கமிஷன் நீண்ட காலம் ஆதரவு விலையில் 2.5 சதவீதமாக இருந்தது. இது வெளியில் தெரியும் வேலை. உண்மையான வேலை கடன் கொடுப்பது. கடையின் உள்ளே வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் அவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்குப் புத்தகம், எதிரே டீ குடித்துக்கொண்டு நாலு பெரியவர்கள். ஒன்றரை வட்டி, இரண்டு வட்டி, மாதத்துக்கு. அதாவது வருஷத்துக்கு 18, 24 சதவீதம்.

நாம் கிசான் கிரெடிட் கார்டில் மூன்று லட்சம் வரை 7 சதவீதத்துக்குக் கொடுக்கிறோம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி, ஆக 4 சதவீதம்தான். நாலு சதவீதம் இருக்கும்போது எதற்கு ஒருவன் பதினெட்டுக்குப் போகிறான்? பயிற்சி வகுப்பில் இதற்கு 'நிதி விழிப்புணர்வு இல்லாமை' என்று ஸ்லைடு போடுவார்கள். ஒரு வருஷம் அங்கே இருந்தால் அந்த ஸ்லைடைக் கிழித்துப் போடத் தோன்றும். ராத்திரி பதினொரு மணிக்கு மருமகளுக்குப் பிரசவ வலி என்றால் கர்னால் போக வண்டிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் ஆடத்தி வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைக்கும், எந்தக் கையெழுத்தும் இல்லாமல். நம் கதவு நாலு மணிக்கு மூடிவிடும். டேக்காவுக்கு நிலம் எடுத்து உழுகிறவனுக்கு அவன் பெயரில் எந்தக் காகிதமும் இல்லை. நிலத்துக்காரர் எழுதிக் கொடுக்க மாட்டார், கொடுத்தால் நிலம் போய்விடுமோ என்று பயம், யார் என்ன பயிர் போட்டார் என்று எழுதும் கிர்தாவரிப் பதிவிலும் நிலத்துக்காரர் பெயர்தான் ஏறும். டெல்டாவில் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள் சொஸைட்டிக் கடனுக்கு அலைகிற அதே கதை. அவனுக்கு ஆடத்தியை விட்டால் யார்?

இதனால் ஆடத்தி நல்லவர் என்று சொல்லவில்லை. வட்டி வட்டிதான், ஒரு விளைச்சல் கெட்டால் கடன் அடுத்த வருஷத்துக்கு ஏறும், அவரிடமே சரக்கைக் கொண்டு போயாக வேண்டும், எடையிலும் கழிவிலும் வாய் திறக்க முடியாது. 2021 ஏப்ரலிலிருந்து அரசு கொள்முதல் பணம் நேராக விவசாயி கணக்குக்கே வருகிறது, அதற்கு முன்னால் ஆடத்தி கை வழியாகத்தான் வந்தது. அப்போது பலரும் ஆடத்தியின் கதை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. பணம் கணக்கில் விழுந்த மறுநாள் காலை, விவசாயியும் ஆடத்தியின் கணக்குப்பிள்ளையான முனீம்ஜியும் ஒன்றாகவே என் கவுன்ட்டருக்கு வருவார்கள். நீங்கள் செய்ய வேண்டியது அவரை எதிரியாக நினைக்காமல் இருப்பது, அதே சமயம் அவர் கொண்டுவரும் கடன் மனுக்களைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல் இருப்பது. அவர் கடையில் டீ குடிக்கலாம். தீபாவளிக்கு அவர் அனுப்பும் உலர்பழப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், முதல் வருஷமே செய்துவிட்டால் இரண்டாம் வருஷம் அனுப்பவும் மாட்டார், மரியாதையும் ஏறும்.

கார்டு கடனில் இன்னொரு கூத்து உண்டு. வட்டித் தள்ளுபடி கிடைக்க வேண்டும் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை அசலையும் வட்டியையும் முழுசாகக் கட்டி மறுபடி எடுக்க வேண்டும். மூன்று லட்சம் கையில் யாரிடம் இருக்கும்? ஆடத்தியிடம் இரண்டு நாளைக்கு வாங்கி வந்து கட்டுவார்கள், நாம் மறுநாள் கொடுத்ததும் அவரிடம் போய்ச் சேரும், நடுவில் அவருக்கு ஒரு சிறு தொகை. நாலு சதவீதக் கடன் உயிரோடு இருப்பதே பதினெட்டு சதவீதக் கடனின் தயவில்தான். இதைத் தடுக்க உங்களால் முடியாது. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான், கட்டிய பிறகு மறுபடி எடுப்பதை இழுத்தடிக்காமல் இருப்பது. 'சிஸ்டம் ஸ்லோ', 'கையெழுத்துப் போடுகிறவர் லீவு' என்று நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கு வட்டி ஓடுகிறது. கட்ட வருகிறவரிடம் எந்தக் கிழமை வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சனி ஞாயிறு நடுவில் வராத மாதிரி.

வசூலுக்கு எப்போது போவது என்று எல்லாரும் கேட்பார்கள். மார்ச் 31 நெருங்கினால் மேலிடத்திலிருந்து நெருக்குவார்கள், மார்ச்சில் விவசாயியிடம் ஒன்றும் இருக்காது, கோதுமை வயலில் நிற்கும். போய் வாசலில் நின்றால் அவமானம்தான் மிச்சம், அவருக்கும் நமக்கும். பயிர்க் கடன் வாராக் கடனாவதற்கே இரண்டு பருவம் தவணை கடக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது, மேலிடத்துக்கு அதை எடுத்துச் சொல்லலாம். ஏப்ரல் கடைசி வாரம், அக்டோபர் கடைசி வாரம், இந்த இரண்டிலும் காலை ஏழு மணிக்குப் போங்கள். ஊர்ப் பொதுத் திண்ணையான சௌபாலில் நாலு பேர் ஹூக்கா பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் கடனைப் பற்றி வாயே திறக்காதீர்கள். வீட்டுக்குள் போய், கடன் வாங்கின பையனிடம் இல்லை, அவன் அப்பாவிடம், 'ராம் ராம் தாவுஜி' என்று உட்கார்ந்து, மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டுக் கடைசியில் சொல்லுங்கள். பெரியவர் பையனைக் கூப்பிட்டு ஒரு பார்வை பார்ப்பார், அந்த வாரமே பணம் வரும். எல்லாரிடமும் வராது, சரி. எனக்குப் பெரும்பாலும் வந்தது.

காகிதம் பற்றி ஒரு பத்தி. ஜமாபந்தி என்றால் அங்கே நில உரிமைப் பதிவேடு, அதன் நகலை ஆன்லைனில் எடுக்கலாம், ஆனால் அதில் நிலம் கூட்டுச் சொத்தாக, இவருக்கு 480-ல் 37 பங்கு என்கிற மாதிரி இருக்கும். அதைக் கனால் மர்லாவாக மாற்றுவது முதல் மாதத்திலேயே கைவர வேண்டும், கால்குலேட்டரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். நிலக் கணக்குப் பார்க்கும் கிராம அதிகாரியான பட்வாரியிடம் நட்பு வேண்டும், கடமைப்படாத நட்பு. இப்போது 2025 ஜனவரியிலிருந்து அடமானம் இல்லாமல் இரண்டு லட்சம் வரை கொடுக்கலாம் என்று ஆனதில் சின்ன ஆட்களுக்கு வேலை கொஞ்சம் சுலபம்.

ஜூன் மாதம் ஊர் தலைகீழாகும். அங்கே ஜூன் 15-க்கு முன்னால் நாற்று நடக்கூடாது, 2009-ல் நிலத்தடி நீரைக் காக்கப் போட்ட சட்டம். நமக்கு மேட்டூர் திறக்கும் தேதி ஜூன் 12, இவர்களுக்கு போர்வெல் மோட்டாரை நடவுக்கு ஓட்டத் தொடங்கும் தேதி மூன்று நாள் தள்ளி. தண்ணீர் முழுக்கப் பூமிக்கடியிலிருந்துதான், மின்சாரம் அடிமாட்டு விலையில், யூனிட் 10 பைசா. மட்டம் கீழே கீழே போகிறது, சில வருஷத்துக்கு ஒருமுறை மோட்டாரை இன்னும் ஆழத்தில் இறக்கக் கடன் கேட்டு வருவார்கள். நெல்லை விட்டுவிட்டு வேறு போட்டால் ஏக்கருக்கு 7,000 ரூபாய் என்று 2020-ல் மாநில அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒரு பெரியவரிடம் கேட்டேன், ஏன் மக்காச்சோளம் போடவில்லை என்று. "மக்காச்சோளத்தை யார் வாங்குவார், நீ வாங்குவாயா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. நெல்லையும் கோதுமையையும் போல உறுதியாக அரசு வாங்காத வரை அவருக்குச் சொல்ல யாரிடமுமே பதில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நடுவதற்குப் பீகாரிலிருந்து ஆட்கள் வருவார்கள், சஹர்சா, பூர்ணியா, அரரியா பக்கம். ஒரு கூட்டமாக வந்து போர்வெல் கொட்டகையில் தங்கி, கில்லாவுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, மூன்று நான்கு வாரம் இடுப்பொடிய நட்டுவிட்டுப் போவார்கள். இவர்கள்தான் எங்கள் கிளையில் யாருக்கும் கண்ணில் படாத வாடிக்கையாளர்கள். வீட்டுக்குப் பணம் அனுப்பச் சாயங்காலம் சேற்றுக்காலோடு வாசலில் நிற்பார்கள், உள்ளே வரத் தயங்குவார்கள், வெளியே கடையில் அனுப்பினால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம் ஒரு ஆளை இவர்களுக்கென்றே உட்கார வைத்தால் புண்ணியம், புதுக் கணக்கு டார்கெட்டும் தானாக முடியும். 'நான்கூட வெளியூர்க்காரன்தான், உங்களைவிடத் தூரம்' என்று நான் சொல்வேன், உடனே சகஜமாகிவிடுவார்கள்.

சாப்பாடு. ஊரைச் சுற்றி நெல், ஊரில் யாரும் சோறு சாப்பிடுவதில்லை. இது எனக்குக் கடைசிவரை ஆச்சரியம் தீரவில்லை. அரசு வாங்கும் பர்மல் நெல் ரேஷனுக்காகத் தெற்கே கிழக்கே என்று ரயிலேறிப் போகும், பாசுமதி ஈரானுக்கும் சவுதிக்கும் போகும், வீட்டில் மூன்று வேளையும் ரொட்டி. குளிர்காலத்தில் கடுகுக் கீரை, கம்பு கிச்சடி, மேலே கரண்டி கரண்டியாக நெய். சோறு வேண்டும் என்றால் மெஸ் வைத்திருப்பவரிடம் தினமும் சொல்லிச் சலிப்பதைவிட ஒரு குக்கரும் கரோல் பாக்கில் வாங்கின இட்லி அரிசியும் சாம்பார் பொடியும் கொண்டுபோவது மேல். பால் அமிர்தம், முர்ரா எருமைப் பால், எதிர்வீட்டில் கறந்து நேராக வரும், கொழுப்பு அதிகம், காபிக்குக் கொஞ்சம் தண்ணீர் கலந்தால்தான் டிகாக்‌ஷன் வாசனை தெரியும். டிசம்பரில் வீட்டு ஓனர் அம்மா அங்கீட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார், பாசத்தில்தான். கதவை மூடிக்கொண்டு கரியடுப்போடு தூங்காதீர்கள், வருஷா வருஷம் அதில் ஆட்கள் போகிறார்கள். கனமான ரஜாய், அதாவது பஞ்சுப் போர்வை ஒன்றும் கீசரும் போதும்.

வீடு பார்க்கும்போது மண்டியிலிருந்து தள்ளிப் பாருங்கள். சீசனில் இரவெல்லாம் கோதுமை தூற்றும் மின்விசிறிச் சத்தமும் உமித் தூசியும் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிரமம்.

ஜாதியை நேராகக் கேட்பார்கள், முதல் சந்திப்பிலேயே, கோத்திரம் வரை. நம் ஊரில் 'எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீடு' என்று சுற்றி வளைத்துக் கேட்போம், தெரிந்துகொள்வது அதேதான். நான் 'தமிழ்நாட்டுக்காரன், வங்கிக்காரன், இதுக்கு மேல உங்க கணக்குல எங்க சேர்க்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க' என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். வெளியாளாக இருப்பதில் ஒரு வசதி, எந்தக் கட்சியிலும் சேர்க்க மாட்டார்கள், ஜாட் ஜாதி வீட்டிலும் ரோர் ஜாதி வீட்டிலும் தலித் பஸ்தியிலும் டீ குடிக்கலாம். குடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் குடித்தால் மறு பக்கத்துக்குச் சாயங்காலமே தெரிந்துவிடும். பெண் அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை: முதல் மாதம் உற்றுப் பார்ப்பார்கள், எங்கள் கிளையில் சேர்ந்த ஒரு சேலத்துப் பெண் நேராகப் போய்ப் பெண்கள் சுயஉதவிக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்தாள், அதற்கப்புறம் அந்தக் கிழவிகளே அவளுக்குக் காவல்.

மதராஸி என்பார்கள், கோபப்பட்டால் உங்களுக்குத்தான் ரத்தக்கொதிப்பு. ஆனால் ஒரு விஷயத்தில் நமக்கு அங்கே ஒரு செல்வாக்கு உண்டு. ஹுக்கா பிடிக்கும் எந்தப் பெரியவரும் 'ஸ்வாமிநாதன் ரிப்போர்ட்' என்று சொல்வார், 2004-லிருந்து 2006 வரை வேலை செய்த தேசிய விவசாயிகள் ஆணையத்தின் அறிக்கை, செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்பது. நிலத்தின் வாடகையையும் முதலுக்கு வட்டியையும் செலவில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் அரசுக்கும் அவர்களுக்கும் சண்டை. அந்தச் சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர், நம் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1966-லிருந்து 1972 வரை இயக்குநர், என் அப்பாவின் ஊரிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை என்று ஒருநாள் சொன்னேன். அன்றைக்கு எனக்கு இரண்டு டம்ளர் லஸ்ஸி. 2020, 21 விவசாயிகள் போராட்டத்தில் டெல்லி எல்லையான சிங்குவில் உட்கார்ந்துவிட்டு வந்தவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர், ஆதரவு விலையைச் சட்டமாக்கு என்று அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதை டெல்லியில் ரோடு அடைத்ததை வைத்து முடிவு கட்டாமல், மண்டியில் பாசுமதி ஏலத்தை ஒருமுறை நின்று பாருங்கள். பாசுமதிக்கு ஆதரவு விலை கிடையாது. 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு டன்னுக்கு 1,200 டாலர் குறைந்தபட்ச விலை என்று அறிவிப்பு வந்ததும் ஏலத்தில் கேட்க ஆள் இல்லாமல் போனது, அக்டோபரில் 950-ஆகக் குறைத்த பிறகுதான் மூச்சு வந்தது. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்தில் ஒரு ஊரின் சம்பள நாள் தள்ளிப்போகிறது.

அப்புறம் புகை. நவம்பரில் டெல்லியில் இருமிக்கொண்டே அவர்களைத் திட்டுவோம், நானும் மயூர் விஹாரில் இருந்தவன்தான், என் பெண்ணுக்கு நெபுலைசர் வைத்தவன்தான். ஆனால் நெல் அறுத்து முடிய அக்டோபர் கடைசி, கோதுமை விதைக்க நல்ல நேரம் நவம்பர் முதல் பாதி, நடுவில் இரண்டு மூன்று வாரம். கம்பைன் வெட்டிவிட்டுப் போகும் தாளை என்ன செய்வது? கோதுமை வைக்கோல் மாட்டுக்குத் தீனி, காசு கொடுத்து வாங்குவார்கள், அதை யாரும் கொளுத்துவதில்லை. நெல் தாளை அங்கே மாடு தொடாது. தாளை மண்ணோடு கலந்து விதைக்கும் சூப்பர் சீடர், தாளைக் கட்டாகக் கட்டும் பேலர் எல்லாம் வந்திருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் வேண்டும். 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கினார்கள், இரண்டு ஏக்கருக்குள் 5,000, ஐந்து ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. ஹரியானாவில் அதோடு பதிவேட்டில் சிவப்புக் குறி, இரண்டு பருவத்துக்கு மண்டியில் ஆதரவு விலைக்கு விற்க முடியாது. சம்பள நாளிலேயே கை வைக்கிறது இந்த இரண்டாவது, அதனால் பயப்படுகிறார்கள். வங்கிக்காரராக நீங்கள் செய்யக்கூடியது, இயந்திர வாடகை மையம் வைக்க வரும் குழுக்களின் கடன் மனுவை ஜூலையிலேயே முடிப்பது. அக்டோபரில் கடனை அனுமதித்தால் மிஷின் அடுத்த வருஷத்துக்குத்தான்.

குடும்பத்தைக் கூட்டிப் போவதா என்று கேட்கிறவர்களுக்கு: குழந்தை ஐந்து வயதுக்குள் என்றால் தாராளமாகப் போகலாம், பால், வெளி, எதிர்வீட்டுப் பாட்டிகள் என்று நன்றாக வளரும். பள்ளி வயது என்றால் டெல்லியிலேயே விடுங்கள், தமிழ்ப் பள்ளியில் இடம் கிடைத்ததை இழக்க வேண்டாம். வயதான பெற்றோரை அழைத்துப் போக நான் சொல்ல மாட்டேன். ஊர் சுகாதார மையத்தில் மாத்திரை கிடைக்கும், நெஞ்சுவலி என்றால் கர்னால் கல்பனா சாவ்லா மருத்துவக் கல்லூரிக்குத்தான் ஓட வேண்டும், ஜனவரிப் பனியில், ராத்திரியில். பக்கத்து வீட்டில் கார் வைத்திருப்பவர் யார், அவர் ஃபோன் நம்பர் என்ன என்பதைப் போன முதல் வாரமே குறித்துக்கொள்ளுங்கள். என் விஷயத்தில் அவர் ஒரு ஆடத்திதான்.